சிறப்புக் குழந்தைகளுக்கு டீச்சர் ஆக: ஆறு மாத டிப்ளமோவா, டி.எட்.டா?

கேள்வி: வைகைக்கரை

பிளஸ் டூவில் 58 சதவீதம். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளோடு, அதிலும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு வேலை பார்க்க ஆசை. ஒரு தனியார் மையத்தில் 'மாண்டிசோரி கம் ஸ்பெஷல் எஜுகேஷன், ஆறே மாதம்' என்கிறார்கள். சேரலாமா? வகுப்பில் நிஜமாக என்ன வேலை இருக்கும்?

பதில்: சாக்பீஸ்

பணம் கட்டிவிடாதீங்க. நர்சரிப் பள்ளி வேலைக்கு மாண்டிசோரி கைகொடுக்கும். சிறப்புக் கல்விக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் வேணும். 1992 சட்டப்படி, பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது தண்டனைக்குரிய குற்றம். நீங்க சொல்ற படிப்பை வச்சு அந்தப் பதிவு வாங்க முடியாது.

டி.எட். (ஆசிரியர் பட்டயப் படிப்பு) சிறப்புக் கல்வி 2 வருஷம். பிளஸ் டூவில் 50 சதவீதம் போதும். சேரும்போதே பிரிவைத் தேர்ந்தெடுக்கணும்: அறிவுசார்-வளர்ச்சிசார் குறைபாடு (ஆட்டிசமும் இதில்தான்), செவித்திறன், பார்வை எனத் தனித்தனி. பலர் ஏமாறுவது இங்கேதான். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கும், ஆனா நீங்க சேரும் பிரிவுக்கோ, அந்தக் கல்வியாண்டுக்கோ இருக்காது. ஆர்.சி.ஐ. தளத்தில் பிரிவு, ஆண்டு ரெண்டையும் பாருங்க.

இன்னொண்ணு: வேலை அறிவிப்பில் 'சிறப்பாசிரியர்' என்று வந்தால் அது பெரும்பாலும் ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர். நம்ம ஆட்களை அரசு 'சிறப்புப் பயிற்றுநர்' என்று சொல்லும்.

பதில்: பித்தான்

வகுப்பு வேலையைப் பற்றி. முதல் சில வாரம் மதிப்பீடுதான். தமிழ்நாட்டில் அதிகம் புழங்குவது சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். படிவம்: 18 பகுதி, பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள். செய்தால் ஏ, செய்யாவிட்டால் பி. அம்மாவைக் கேட்டு மட்டும் நிரப்பினால் படிவம் பொய் சொல்லும். வீட்டில் பாதி வேலையை அம்மா கையே செய்து முடித்திருக்கும். பிள்ளை செய்வதைப் பார்த்துக் குறிங்க.

அடுத்தது இலக்கு. 'தானாக உடை அணிவான்' என்று எழுதினால் அதை அளக்க முடியாது. 'முழங்கால் வரை ஏற்றிவிட்ட எலாஸ்டிக் டிரவுசரை இடுப்புக்கு இழுப்பான், 5க்கு 4 தடவை' என்று எழுதணும்.

கற்றுத்தருவது கடைசிப் படியிலிருந்து. காலை நுழைப்பது, முழங்காலுக்கு ஏற்றுவது, இடுப்புக்குக் கிட்டே கொண்டுவருவது எல்லாம் நீங்க. கடைசி நாலு விரல்கடை இழுப்பது மட்டும் பிள்ளை. முடித்த சந்தோஷம் ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கிடைக்குது. மூணு நாள் தொடர்ந்து 5க்கு 4 வந்தால் அதற்கு முந்தைய படியையும் பிள்ளையிடம் விடுங்க. டிரவுசர் ஒரு சைஸ் பெரிசா இருக்கட்டும். எதிரே உட்காராமல் பின்னால் நின்று அவன் கைமேல் கை வைங்க.

கெட்டுப்போவது வாயால்தான். 'இழு, இழு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தச் சொல் வந்தால்தான் கை அசையும். கைப்பிடியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று படிப்படியாகக் குறைச்சுடலாம். வாய் உதவியை நிறுத்துவதுதான் கஷ்டம்.

வைகைக்கரை

நன்றி. டி.எட். முடித்தால் சாதாரணத் தொடக்கப்பள்ளிக்கும் போக முடியுமா?

பதில்: சாக்பீஸ்

1 முதல் 5 வகுப்புக்கு டி.எட். சிறப்புக் கல்வியும் தகுதிதான், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 1 எழுதணும். பணியில் சேர்ந்தபின் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) அங்கீகரித்த 6 மாதத் தொடக்கக் கல்விப் பயிற்சியும் உண்டு. கல்லூரியில் சேரும்போது பெயரையும் இனிஷியலையும் பிளஸ் டூ சான்றிதழில் இருக்கிற மாதிரியே எழுதுங்க. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது 'கே' ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் நின்றால் அலைச்சல்தான்.