சப்வூஃபர் ஆம்ப் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, என்ன பார்க்கலாம்?

இசிப்பிங்கோவாசி:

வணக்கம். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில் இருக்கிறேன். ஹோம் தியேட்டரில் சப்வூஃபருக்கென்று தனியாக ஒரு பழைய இரண்டு சேனல் ஆம்ப் வைத்திருக்கிறேன், மேடைக் கச்சேரிக்குப் பயன்படுத்தும் ரகம், கிளாஸ் ஏபி (சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் கொஞ்சம் கரண்ட் ஓடும் வகை), உள்ளே பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர், பின்னால் ஒரு ஃபேன். ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து வயர் எடுத்து, ஆம்பை பிரிட்ஜ் மோடில் (இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் முறை) போட்டு, 12 அங்குல பாஸிவ் சப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். அது நாலு ஓம். தீபாவளி சமயத்தில் அதே மாதிரி இன்னொன்று கிடைத்தது, அதையும் அதே டெர்மினலில் இணையாக மாட்டினேன்.

இப்போது படம் ஓடி அரை மணி நேரத்தில் ஆம்ப் கொதிக்கிறது, புரொடெக்ட் விளக்கு எரிகிறது, பாஸ் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் தானாக வருகிறது. ஒரு சப் மட்டும் இருந்தபோதும் சூடு உண்டு, ஆனால் இப்படி நின்றதில்லை. இன்னொரு விஷயம், இடது பக்க ஹீட் சிங்க்தான் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டை) வலது பக்கத்தைவிட அதிகம் சுடுகிறது. ஆம்ப் டிவி அலமாரிக்குள் இருக்கிறது, அதன் மேல் டிவி டீகோடர் பெட்டி. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நாட்களுக்காக வாங்கிய இன்வெர்ட்டரிலும் சில சமயம் ஓட்டுவோம். ரிசீவரில் சப் லெவல் +9.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, பெட்டியைத் திறக்காமலேயே "அவுட்புட் டிரான்சிஸ்டர் எல்லாம் மாற்ற வேண்டும்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். மாற்றத்தான் வேண்டுமா? மல்டிமீட்டர் இருக்கிறது, சாலிடரிங் தெரியும்.

செட்ஸ்வொர்த் ரிப்பேர்:

தம்பி, டிரான்சிஸ்டரில் கை வைக்காதீர்கள். கெட்டுப்போன அவுட்புட் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஃபியூஸைத்தான் அடிக்கும், அரை மணி நேரம் பாடிவிட்டு ஆறிய பிறகு மறுபடியும் பாடாது.

முதலில் லோடைப் பாருங்கள், அதாவது ஆம்ப் ஓட்ட வேண்டிய ஸ்பீக்கரின் ஓம் அளவை; அது குறையக் குறைய ஆம்புக்குப் பாரம் கூடும். நாலு ஓம் சப் இரண்டை இணையாக மாட்டினால் இரண்டு ஓம். அது சாதாரண சேனலில் இருந்தாலே இந்த மாதிரி ஆம்புக்குப் பாரம், நீங்கள் பிரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள். பிரிட்ஜ் மோடில் இரண்டு சேனலும் எதிரும் புதிருமாக வேலை செய்வதால் ஒவ்வொரு சேனலுக்கும் அந்த லோடில் பாதிதான் தெரியும், அதாவது ஒரு ஓம். ஆம்பின் முதுகில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள், இந்த வகைகளில் ஸ்டீரியோவுக்குக் குறைந்தது 4 ஓம், பிரிட்ஜுக்குக் குறைந்தது 8 ஓம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஒரு சப் இருந்தபோதே அது தாங்க வேண்டிய அளவைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறது.

பிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டீரியோவில் போடுங்கள், ஒரு சேனலுக்கு ஒரு சப். ரிசீவரிலிருந்து வரும் ஒற்றை வயரை ஒய் ஸ்பிளிட்டர் வைத்து இரண்டு இன்புட்டுக்கும் கொடுத்தால் போதும். இரண்டு சேனலின் கெயின் திருகும் (இன்புட் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைப்பது) ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒரு சப்பின் வயரை மாற்றி மாட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாஸே இல்லாமல் போகும், அப்போது வால்யூமை ஏற்றத் தோன்றும், பிளஸ் மைனஸைச் சரிபார்த்துவிட்டே ஏற்றுங்கள்.

லெனேசியாக்காரன்:

அண்ணன் சொன்ன லோடு விஷயம் சரி. நான் அந்த +9-ஐப் பற்றிச் சொல்கிறேன். மூன்று டெசிபல் ஏற்றினால் ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும், ஒன்பது டெசிபல் என்றால் எட்டு மடங்கு. அந்தத் திருகை நாம் சும்மா ஒரு எண்ணாகப் பார்க்கிறோம், ஆம்புக்கு அது முதுகில் ஏற்றிய மூட்டை. ரிசீவரில் சப் லெவலை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மைக் வைத்து ரூம் செட்டிங்கை மறுபடியும் ஓட்டி, அது கேட்கிற அளவுக்கு ஆம்பின் கெயினை வையுங்கள். கிளிப் விளக்கு (ஆம்பால் தர முடிந்த அளவைத் தாண்டி அலையின் முனை வெட்டுப்படுவதைக் காட்டுவது) மினுக்கினால் உடனே குறைக்க வேண்டும், கிளிப் ஆகும் சிக்னல் ஆம்பையும் சுடவைக்கும், சப்பின் காயிலையும் சுடவைக்கும்.

சப் பெட்டியில் போர்ட் ஓட்டை இருந்தால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்று வைப்பது நல்லது. அந்த ஆழத்தில் கோன் சும்மா முன்னும் பின்னும் ஆடும், காதுக்கு ஒன்றும் கேட்காது, ஆம்பின் பவர் மட்டும் வீணாகும்.

அலமாரியிலிருந்தும் ஆம்பை வெளியே எடுங்கள். மேலே டீகோடரை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சுடவைக்கும். நாங்கள் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,700 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு, அதனால் அதே ஃபேன் இங்கே குறைவாகத்தான் குளிர்விக்கும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் மூடிய அலமாரி அதைவிட மோசம்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:

இரண்டு பேர் சொன்னதும் செய்ய வேண்டியவைதான். ஆனால் தம்பி கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது, அதை யாரும் பிடிக்கவில்லை: இடது பக்கம் மட்டும் அதிகம் சுடுகிறது. பிரிட்ஜில் இரண்டு சேனலும் ஒரே லோடைச் சமமாகத்தான் சுமக்கின்றன. லோடு மட்டுமே காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுட வேண்டும்.

ஆம்ப் சுடுகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, வேலை செய்யும்போது சுடுகிறதா, சும்மா இருக்கும்போதும் சுடுகிறதா என்பதுதான். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் காசு போகும், சூடு போகாது. கிளாஸ் ஏபி ஆம்ப் ஓடும்போது சுடுவது இயல்பு, முழு சத்தத்தைவிட நடுத்தர சத்தத்தில்தான் அது அதிகம் வெப்பமாக வீணாக்கும், முழுப் பவரில் கிட்டத்தட்ட 40 சதவீதம் தரும் இடத்தில் வெப்பம் உச்சத்துக்குப் போகும். ஆனால் சிக்னலே இல்லாமல் சும்மா நிற்கும்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆம்பை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வையுங்கள். ஸ்பீக்கர் வயர், இன்புட் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கெயினைக் குறைத்து, அரை மணி நேரம் சும்மா ஆன் செய்து வையுங்கள். பிறகு இரண்டு ஹீட் சிங்கையும் தொட்டுப் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் யாராலும் கையை வைத்திருக்க முடியாது, அதுவே ஒரு தெர்மாமீட்டர். ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி வோல்டேஜையும் பாருங்கள், 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. சப் இரண்டையும் சேர்த்து ஓம் அளந்தும் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவ் (வழவழப்பான அலை) தருவதா, மாடிஃபைடு சைன் வேவ் (படிக்கட்டு மாதிரி அலை) தருவதா? மாடிஃபைடு என்றால் இந்த ஆம்பை அதில் ஓட்டாதீர்கள், அந்தப் படிக்கட்டு அலையில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், தானும் சுடும்.

இசிப்பிங்கோவாசி:

அக்கா, செய்தேன். ரொம்ப நன்றி. சப் வயரும் இல்லை, இன்புட்டும் இல்லை, சும்மா ஆன் செய்து வைத்ததிலேயே இடது ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. வலது பக்கம் வெதுவெதுப்பு. டெர்மினலில் டிசி இரண்டு பக்கமும் 20 மில்லிவோல்டுக்குக் கீழே. சப் இரண்டும் சேர்த்து 1.7 ஓம் காட்டுகிறது. ஆம்பின் பின்னால் அண்ணன் சொன்னபடியே ஸ்டீரியோ 4, பிரிட்ஜ் 8 என்று இருக்கிறது. இன்வெர்ட்டர் மாடிஃபைடு, அதில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மூடியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் மூன்று ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைச் செங்கல் மாதிரி ஒரு 0.22 ஓம் ரெசிஸ்டர். அடுத்து என்ன அளப்பது?

மாரிட்ஸ்பர்க் அக்கா:

அந்த வெள்ளை ரெசிஸ்டர்தான் எமிட்டர் ரெசிஸ்டர், நமக்கு வேண்டியது அதுவே. சிக்னல் இல்லாமல் ஓடும்போது அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று பார்த்தால், டிரான்சிஸ்டரில் சும்மா எவ்வளவு கரண்ட் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கையால் புரோபைப் பிடித்து அளக்காதீர்கள். ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர் இரண்டிலும் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்து, பிறகு முதலைக் கிளிப்பை மாட்டுங்கள். மறுபடியும் ஆன் செய்து படியுங்கள், கை உள்ளே போகவே கூடாது. ஓடும்போது புரோப் வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் நொடியில் அந்தப் பக்கம் முழுவதும் போய்விடும், கடைக்காரர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். கெப்பாசிட்டர்களில் பிளக் பிடுங்கிய பிறகும் வோல்டேஜ் நிற்கும், அவசரப்படாதீர்கள்.

இசிப்பிங்கோவாசி:

வலது பக்கம் எல்லா ரெசிஸ்டரிலும் 6 மில்லிவோல்ட் அளவில் நிற்கிறது. இடது பக்கம் ஆன் செய்தவுடன் 15, சூடு ஏற ஏற அதுவும் ஏறி 42 வரை போனது, நான் பயந்து அணைத்துவிட்டேன். சப்ளை பிளஸ் 60, மைனஸ் 60 வோல்ட்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:

அணைத்தது நல்லது. இப்போது கணக்கைப் பாருங்கள். 6 மில்லிவோல்டை 0.22-ஆல் வகுத்தால் 27 மில்லிஆம்ப். 42 என்றால் 190 மில்லிஆம்ப். ஒவ்வொரு ஜோடியும் 120 வோல்டுக்குக் குறுக்கே நிற்கிறது, மூன்று ஜோடி. வலது பக்கம் சும்மா இருக்கும்போது 10 வாட் வெப்பம், இடது பக்கம் கிட்டத்தட்ட 70 வாட். ஒரு பாட்டும் பாடாமல் 70 வாட்! இதை மூடிய அலமாரிக்குள் வைத்து, அதன் மேல் ஒரு ஓம் லோடையும் போட்டால் அரை மணி நேரம் தாங்கியதே பெரிது.

அந்த எண் ஏறிக்கொண்டே போவதில்தான் விஷயம் இருக்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பேஸ் எமிட்டர் வோல்டேஜில் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும், அதனால் சுடச்சுட அதிகக் கரண்ட் இழுக்கும், அதிகம் இழுத்தால் இன்னும் சுடும். இதைத் தடுக்கத்தான் ஹீட் சிங்கோடு ஒட்டி ஒரு சின்ன பயஸ் டிரான்சிஸ்டர் வைத்திருப்பார்கள் (பயஸ் என்பது சும்மா இருக்கும்போது ஓடும் அந்தக் கரண்டைத் தீர்மானிக்கும் வோல்டேஜ்), அதுவும் கூடவே சூடாகி பயஸைக் கீழே இழுக்கும். அது ஹீட் சிங்கை விட்டு விலகிவிட்டால் சூடு அதற்குத் தெரியாது, பயஸும் இறங்காது.

இடது ஹீட் சிங்கின் நடுவில், பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு இடையே ஒரு சின்னது இருக்கிறதா பாருங்கள், அதன் கிளிப்பும் ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கின்றனவா, உள்ளே பேஸ்ட் காய்ந்து பொடியாகிவிட்டதா என்று. இசிப்பிங்கோ கடல் காற்றில் இந்தச் சின்ன ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து உடைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பயஸ் பிரிசெட், அதாவது பயஸைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு.

செட்ஸ்வொர்த் ரிப்பேர்:

அக்கா சொன்னதுதான் சரியான வழி. தைப்பூசக் காவடிக்கு முன்பு கோயில் ஆம்புகள் சர்வீஸுக்கு வரும்போது நானும் இதைத்தான் முதலில் தொடுவேன், ஜனவரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நாள் முழுக்க ஓட வேண்டிய பெட்டிகள் அவை. திறந்திருக்கும்போதே இரண்டு வேலை: ஃபேனில் ஒட்டிய தூசியைத் துடையுங்கள், பிறகு பெரிய கெப்பாசிட்டர்களின் அடியில் ஊற்றியிருக்கும் பசையைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தது பழுப்பாகிக் கறுத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், சூடுபட்ட அந்தப் பசை நாளடைவில் கரண்டைக் கடத்தும், பாகங்களின் காலையும் அரிக்கும்.

மறுபடியும் ஆன் செய்யும்போது 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றை ஆம்புக்கு வரும் மெயின்ஸ் வயரில் சீரீஸில் (கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி) போடுங்கள், எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு தரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள்.

இசிப்பிங்கோவாசி:

கிடைத்துவிட்டது! சின்ன டிரான்சிஸ்டரைப் பிடித்திருந்த கிளிப்பின் ஸ்க்ரூ துருவேறித் தலையே இல்லை, டிரான்சிஸ்டர் காற்றில் நிற்கிறது, விரலால் ஆட்டினால் ஆடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் ஹீட் சிங்க் பேஸ்ட்டும் நாளை வாங்குகிறேன். பிரிசெட்டை எங்கே வைப்பது?

மாரிட்ஸ்பர்க் அக்கா:

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதியதை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள், அதிகம் பூசினால் சூடு கடத்துவது குறையும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்கா தாள் இருந்தால் தொலைத்துவிடாமல் திரும்ப வையுங்கள்.

ஆன் செய்வதற்கு முன் இடது பிரிசெட் இப்போது எங்கே இருக்கிறது என்று மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். முதலில் சீரீஸ் பல்பில் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடி சப்ளையில்தான் பயஸ் வைக்க வேண்டும். பிரிசெட்டை பயஸ் குறையும் பக்கம் திருப்பி வைத்துத் தொடங்குங்கள். எந்தப் பக்கம் குறையும் என்பதை மீட்டரைப் பார்த்தபடி மயிரிழை திருப்பினாலே தெரியும். சர்வீஸ் மேனுவல் கையில் இல்லை என்றால் வலது சேனலின் 6 மில்லிவோல்டையே அளவாக வையுங்கள். அரை மணி நேரம் சூடாகவிட்டு மறுபடியும் சரி செய்யுங்கள், மூடியை மாட்டி இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். எண் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் முடிந்தது. சிக்னலும் ஸ்பீக்கரும் அதன் பிறகுதான், அதுவும் ஸ்டீரியோவில், சேனலுக்கு ஒரு சப்.