பர்கூர் 1996, கோட்டூர் கழுதைகள், 794 ஓட்டு: நம்ம தொகுதியில் கண்ணால் பார்த்தது

பர்கூர்க்காரன்:
சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்த ஊர் பர்கூர் என்று சொன்னால் போதும், "ஓ, முதலமைச்சரையே தோக்கடிச்ச ஊரா?" என்பார்கள். எங்கள் ஜவுளிக் கடைகளைப் பற்றியோ கிரானைட்டைப் பற்றியோ ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு மேன்சன் நண்பர் "நன்றி கெட்ட ஊருப்பா" என்றே சொன்னார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், பார்த்ததை மட்டும். கேள்விப்பட்டது வேண்டாம்.

1991ல் எனக்கு 9 வயது. ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் நின்றார், இரண்டிலும் ஜெயித்தார், பர்கூரை வைத்துக்கொண்டார். இங்கே எதிர்த்து நின்றவர்களில் டி.ராஜேந்தரும் ஒருவர். அடுக்குமொழி கேட்கலாம் என்று அவர் கூட்டத்துக்குப் பொடியன்கள் எல்லாம் ஓடினோம். பெரியவர்கள் வரவில்லை. ராஜீவ் காந்தி இறந்து மூன்றரை வாரத்தில் நடந்த தேர்தல் அது, முடிவு யாருக்கும் சந்தேகமில்லை.

பிறகு ஐந்து வருஷம் நாங்கள் 'சி.எம். தொகுதி'. 1994ல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. பர்கூரில் இன்ஜினியரிங் காலேஜ் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். எங்கள் அப்பா இரட்டை இலைக்காரர். ஊருக்கு யார் வந்தாலும் அந்தக் கட்டடத்தைக் காட்டாமல் அனுப்ப மாட்டார்.

1996 மே மாதம் ஓட்டு எண்ணும் மேசையில் ஏஜென்டாக உட்காரப் போனார். மெஷின் கிடையாது, சீட்டுதான். ஒவ்வொன்றாகப் பிரித்து, முத்திரை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, சின்னம் சின்னமாகக் கட்டுப் போட வேண்டும். தும்பைப்பூ மாதிரி வேட்டியில் போனவர் திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சூரியன் கட்டை அடுக்க எடம் பத்தலடா." தி.மு.க.வின் இ.ஜி.சுகவனம் முதலமைச்சர் ஜெயலலிதாவை 8,366 ஓட்டில் தோற்கடித்திருந்தார். அம்மா கிண்டி வைத்த களி சட்டியிலேயே இறுகிப் போனது.

மூன்றாம் நாள் அப்பாவாகவே பேசினார். யாரையும் திட்டவில்லை. "காலேஜ் வந்துச்சு, சரி. அந்தக் கல்யாணத்தை டி.வி.யில பார்த்தாங்கள்ல பொம்பளைங்க, அன்னிக்கே முடிஞ்சுபோச்சு" என்றார். 1995ல் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தைச் சொன்னார். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க அ.தி.மு.க. ஜெயித்தது 4 தொகுதி, தி.மு.க. 173. ஊர் ஊராகத் தோற்றதில் எங்கள் ஊர் மட்டும் நன்றி கெட்டதாம்! 2001லும் 2006லும் இதே பர்கூர் அ.தி.மு.க.வின் தம்பிதுரையை ஜெயிக்க வைத்தது. அதை எந்த மேன்சன் நண்பரும் சொல்வதில்லை.

மாங்காத் தோப்பு:
அண்ணா, 2001ஐ விட்டுட்டீங்க. ஆண்டிப்பட்டி, புதுக்கோட்டை, புவனகிரி, அப்புறம் எங்க கிருஷ்ணகிரி. அந்தம்மா நாலு இடத்துல மனு போட்டு நாலும் தள்ளுபடி ஆச்சு. அரசு நிறுவனமான டான்சியோட நிலத்தை வாங்கின வழக்குல கிடைச்ச தண்டனை ஒரு காரணம். இரண்டு தொகுதிக்கு மேல நிக்கக் கூடாதுங்கிற சட்டமும் இருந்துச்சு. "சி.எம். தொகுதி ஆகப் போறோம்"னு எங்க தெருவுல சுவரெல்லாம் வெள்ளையடிச்சு வெச்சிருந்தாங்க. அந்தச் சுவர்ல பிறகு நாங்க வரட்டி தட்டினோம்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
கட்சிக் கதை எனக்கு வேண்டாம், டியூட்டிக் கதை சொல்கிறேன். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை. அப்போது வண்டி போகிற பாதை கிடையாது. ஓட்டு மெஷின், மை, சீல், பேப்பர் எல்லாவற்றையும் கழுதை முதுகில் கட்டிவிட்டு நாங்கள் பின்னால் நடந்தோம். போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு கழுதைக்குக் காவல்! பாதி வழியில் ஒரு கழுதை நின்றுவிட்டது. அதிகாரி அதட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஓட்டிவந்த பெரியவர் காதோரம் என்னவோ சொன்னார், நடந்தது. மேலே ராத்திரி பள்ளிக்கூடத்திலேயே படுத்தோம். மறுநாள் முதல் ஓட்டுப் போட்ட பாட்டி மை வைத்த விரலைக் காட்டி, "ஏம்மா, உங்களைக் கொண்டாந்து விட்ட கழுதை நாளைக்கு எங்களுக்கு நோவுன்னா வருமா?" என்று கேட்டார். நோயாளிகளைத் தூளி கட்டித்தான் கீழே தூக்கி வருவார்கள். என்னிடம் பதில் இல்லை.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு:
2010 மார்ச் இடைத்தேர்தலை எங்க ஊர்ல யாரும் மறக்கல. ஒகேனக்கல் லாட்ஜ்ல ரூம் கிடைக்காது, வெளியூர் வெள்ளை வேட்டியா இருக்கும். தி.மு.க. இன்பசேகரன் ஜெயிச்சார், பா.ம.க. இரண்டாவது, அ.தி.மு.க. டெபாசிட்டே போச்சு. அடுத்த வருஷமே கம்யூனிஸ்ட் நஞ்சப்பன். 2016ல பா.ம.க.வோட முதல்வர் வேட்பாளர் அன்புமணியே இங்கே நின்னு தோத்தார், 2021ல அதே கட்சியின் ஜி.கே.மணி ஜெயிச்சார். எங்க ஓட்டை எவனும் சட்டைப் பையில போட்டுக்க முடியாது. பாலக்கோட்டுக்காரங்க வேற ரகம், 2001ல இருந்து 2021 வரை அஞ்சு தடவையும் கே.பி.அன்பழகன்தான்.

794:
பேரைப் பார்த்தே தெரிந்திருக்கும். 2021 மே 2, கிருஷ்ணகிரி, தி.மு.க. ஏஜென்ட். கொரோனா டெஸ்ட் சர்டிபிகேட்டோ இரண்டு டோஸ் ஊசிச் சர்டிபிகேட்டோ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு போனேன். ஒரு ரவுண்டில் நாங்கள், அடுத்ததில் அவர்கள். மாஸ்க்குக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் அ.தி.மு.க. அசோக்குமார் 794 ஓட்டில். வீட்டுக்கு வந்தால் மாமனார் வாசலிலேயே, "நம்ம சொந்தத்துல ஓட்டுப் போடாம பெங்களூர்ல கெடந்ததுங்க எத்தனைன்னு எண்ணினியா?" என்றார். விரல் விட்டு எண்ணினோம், 11 பேர். அவர்களில் என் தம்பியும் ஒருவன். ஒரு மாசம் அவனோடு பேசவில்லை.

மாங்காத் தோப்பு:
பர்கூர் அண்ணா, உங்க அப்பா அதுக்கப்புறம் ஏஜென்டா போனாரா?

பர்கூர்க்காரன்:
2001, 2006 இரண்டுக்கும் போனார். தம்பிதுரை எம்.பி. ஆகி 2009 ஆகஸ்டில் இடைத்தேர்தல் வந்தபோது அவர் கட்சி புறக்கணித்துவிட்டது. ஓட்டுப்பதிவு அன்று காலையிலிருந்து அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எங்களைக் காவல் காக்கிற மாதிரி. நான் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பூத்துக்குப் போனேன். அன்றைக்கு முழுக்க இடது கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தட்டைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "கையை வெளிய எடுடா, மை காஞ்சிருக்கும்."