அறுபது வயதுக்கு அறுபது புது அனுபவம்: தேவைதானா?

ஆவணிக்காரி
நான் 1966இல், பராபவ வருடம் ஆவணியில் பிறந்தவள். இந்தச் சித்திரையில் மறுபடியும் பராபவ பிறந்துவிட்டது, ஆவணி வந்தால் எனக்கு அறுபது நிறைகிறது. அதற்குள் இதுவரை செய்யாத அறுபது காரியங்களைச் செய்துவிட வேண்டும் என்று போன வருடம் ஒரு நோட்டு போட்டேன். 41 முடிந்திருக்கிறது. நீச்சல் கற்றுக்கொண்டேன், ஸ்கூட்டர் பழகி எல்எல்ஆர் எடுத்தேன் (நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்கித் தர வேண்டும், அதற்கே இரண்டு நாள் அலைந்தேன்). வீட்டில் மகன், "எதற்கும்மா இதெல்லாம், ஒரு ஹோமம் பண்ணிட்டு நிம்மதியா இருங்க" என்கிறான். நான் செய்வது சரி என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஊர்க்குருவி
அக்கா, உங்கள் மகன் பக்கம்தான் நான். பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருடமும் ஒரு சுற்று சுற்றி, நாம் பிறந்த வருடத்தின் பெயரே திரும்ப வருகிறது. புதிதாக ஒன்றைத் தேடி ஓடுகிற வயதா இது? கூடவே வந்தவர்களோடு உட்கார வேண்டிய வயது. என் அப்பாவின் மணிவிழாவைத் திருக்கடையூரில் செய்தோம். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சித்தப்பா கூட வந்து அப்பா தலையில் கலசத் தண்ணீர் ஊற்றினார். அப்பா கூடப் பிறந்த ஆறு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான் கடைசி. ஸ்கூட்டர் ஓட்டினால் இது கிடைக்குமா?

நொய்யல்
எனக்கு வேறு கவலை. அறுபது காரியம், ஐம்பத்திரண்டு வாரம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. அப்படி ஓடினால் எதுவும் மனதில் தங்காது, செய்தோம் என்று கோடு போடுவதுதான் மிஞ்சும். என் பெரியப்பாவும் இப்படித்தான், அறுபது முடிவதற்குள் வெள்ளியங்கிரி ஏறியே தீருவேன் என்று பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஏழு மலையில் ஐந்தாவதிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். அதற்கு முன்னால் ஒரு மாதமாவது தினம் நடந்து பழகியிருந்தால் பரவாயில்லை, நாள் முடிகிறதே என்கிற அவசரத்தில் போனார். வயது ஒரு கெடுவாக மாறும்போது உடம்பு சொல்வது காதில் விழாது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்து ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள் அக்கா, போதும்.

மலைக்கோட்டை
நொய்யல் சொல்வது மலைக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாதே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போவதற்கு என்ன பயிற்சி வேண்டும்? 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வுகிற சத்தம் கேட்கும். என் அம்மா எழுபது வயதில் முதல் தடவை போனார், குன்னூர் வரும் வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. இதில் என்ன ஆபத்து?

ஆவணிக்காரி
ஊர்க்குருவி தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நானும் திருக்கடையூரில் மாலை மாற்றிக்கொண்டவள்தான். 2019இல், என் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தபோது. இரண்டு வருடம் கழித்து அவர் போய்விட்டார். மணிவிழா என்பதே கணவரின் வயதை வைத்துத்தான். மனைவிக்கு அறுபது ஆனால் யாரும் பத்திரிகை அடிப்பதில்லை, அதிலும் அவர் இல்லாத பிறகு என் அறுபது யாருக்கும் ஒரு நாளே இல்லை. பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் நான் பின்கட்டில் நிற்கிறேன். அதனால்தான் நோட்டு.

நொய்யல், எதுவும் தங்காது என்கிறீர்கள். என் நோட்டில் முதல் வரி என்ன தெரியுமா? தனியாக ஓட்டலில் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடுவது. ஐம்பத்தொன்பது வயது வரை நான் செய்ததில்லை. சர்வர் வந்து "எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். "ஒருத்தி" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, விரலைக் காட்டினேன். அது எனக்கு இன்னும் தங்கியிருக்கிறது. நீச்சலும் அப்படித்தான். முதல் நான்கு நாள் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே முடியாமல் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாள் பலகையைப் பிடித்துக் காலை உதைத்ததும் இடுப்பு தானாக மேலே வந்தது. அந்த ஒரு நொடிக்காகவே திரும்பத் திரும்பப் போனேன், இன்றைக்கும் வாரம் மூன்று நாள் போகிறேன்.

ஊர்க்குருவி
இது தெரியாமல் பேசிவிட்டேன் அக்கா, மன்னித்துவிடுங்கள். ஆனால் ஆயுஷ்ய ஹோமம் தனியாகவே செய்துகொள்ளலாம், அதற்கு ஜோடி வேண்டியதில்லை. உறவு கூடுவது முக்கியம் என்பதில் நான் மாறவில்லை. பின்கட்டில் நிற்கிறேன் என்கிறீர்களே, அந்த நிலையை மாற்ற வேண்டியது உங்கள் வீட்டு மனிதர்கள். அதை நோட்டால் சரி செய்ய முடியாது.

நொய்யல்
நானும் எண்ணிக்கை விஷயத்தில் மாறவில்லை. அக்கா சொன்ன இரண்டையும் பாருங்கள். தோசை ஒரு நாள், நீச்சல் பல மாதம். மனதில் நிற்பவை இந்த மாதிரி நான்கைந்துதான் இருக்கும். மிச்சம் 19 எதற்கு? அந்த நேரத்தையும் தண்ணீரில் கழிக்கலாமே.

மலைக்கோட்டை
41 செய்ததால்தானே எந்த நான்கைந்து என்று தெரிந்தது? முதலிலேயே யாருக்குத் தெரியும்?

ஆவணிக்காரி
மலைக்கோட்டை சொன்னதேதான் என் பதிலும். எனக்கு எது பிடிக்கும் என்று நாற்பது வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் நொய்யல் பேச்சைக் கேட்டு வெள்ளியங்கிரியை அடித்துவிட்டேன், அது என் பட்டியலிலும் இருந்தது. அந்த இடத்தில் மலை ரயிலை எழுதியாயிற்று.

ஊர்க்குருவி தம்பி, உங்கள் பேச்சையும் விடவில்லை. அறுபதாவது வரியை யோசித்து யோசித்துக் காலியாகவே வைத்திருந்தேன், நேற்று ராத்திரி நிரப்பினேன். ஆவணியில் என் நட்சத்திரத்தன்று என் தங்கைகள் மூவர், அண்ணன், நாத்தனார் எல்லோருக்கும் என் பெயர் போட்டு நானே பத்திரிகை அடித்து அனுப்பப் போகிறேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நானே நின்று வரவேற்பேன்.

நொய்யல்
சரி அக்கா. மலை ரயிலுக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.