பாட்டியே கிறிஸ்தவர், அப்புறம் எந்தக் கயோவா ஆன்மிகம்?

ஏடுதேடி:
அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான கயோவா இனத்து எழுத்தாளர் என். ஸ்காட் மாமடேயின் 'தி வே டு ரெய்னி மவுண்டன்' படித்து முடித்தேன். ஒரு பழங்கதை, உடனே ஒரு வரலாற்றுக் குறிப்பு, அப்புறம் சொந்த நினைவு என்று மூன்று குரலில் மாறி மாறிப் போகிறது, அது பிடித்திருந்தது. உறுத்துவது வேறு. மனிதர் வளர்ந்தது பெரும்பாலும் நவஹோ, ஜெமெஸ் என்ற வேறு பழங்குடி மக்களுக்கு நடுவில். கயோவா மொழி தெரியாது என்று அவரே எழுதுகிறார். பாட்டி ஆஹோ பிற்காலத்தில் கிறிஸ்தவர். கயோவாக்களின் முக்கியச் சடங்கான சூரிய நடனமோ இவர் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. அப்படியானால் இவர் எதை நம்புகிறார்? வெறும் ஏக்கத்தைத்தான் ஆன்மிகம் என்கிறாரா?

நாணற்காடு:
அந்த நடனம் தானாக நின்றதா என்ன? கயோவாக்கள் கடைசியாக அதை முழுசாக நடத்தியது 1887இல், வாஷிட்டா ஆற்றங்கரையில். அதற்குக் காட்டெருமை வேண்டும், ஆனால் அதற்குள் சமவெளியில் எருமைகளை ஏறக்குறைய கொன்றே தீர்த்துவிட்டார்கள். 1890இல் மறுபடி கூடியபோது எருமை கிடைக்காமல் ஒரு பழைய தோலை எடுத்துப் புனித மரத்தில் தொங்கவிட்டார்கள், நடனம் தொடங்குவதற்குள் ஃபோர்ட் சில் கோட்டையிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். பத்து வயது ஆஹோ அங்கே இருந்தார். இதைத் தெரிந்துகொண்டு 'நம்பிக்கை எங்கே' என்று மாமடேயிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் பிரார்த்தனைக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். இரவு, மண்ணெண்ணெய் விளக்கு, அவிழ்த்துவிட்ட நீளக் கூந்தலோடு கிழவி கட்டிலோரம் நின்று ஜெபிக்கிறார். பேரனுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரிந்ததாகப் பாவனை செய்யாமல் அப்படியே எழுதிவைக்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மேற்கே போனவன்:
ஒன்று சேர்க்கிறேன். பாட்டி தான் போகாத மலைகளையும் பார்க்காத மக்களையும் நேரில் கண்டதுபோலச் சொல்வார். அதை நேரில் பார்க்கத்தான் மாமடே 1500 மைல் சுற்றி வருகிறார். வயோமிங்கில் டெவில்ஸ் டவர் பாறை நிற்கிறதே, ஒரு சிறுவன் கரடியாக மாறித் துரத்த அவனுடைய ஏழு சகோதரிகள் விண்மீன்களானதாகச் சொல்லும் கதை அதைப் பற்றியதுதான், அந்தப் பாறையிலிருந்து வந்ததுதான் இவருடைய கயோவாப் பெயரே. குழந்தையாக இருந்தபோதே ஒரு பெரியவர் வைத்தது. மொழி தெரியாதவன் என்று கயோவாக்கள் யாரும் இவரை வெளியே நிறுத்தவில்லையே.

கறார்:
எல்லாம் சரி, 'ரத்தத்தில் இருக்கும் நினைவு' என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அதில் இனவாத வாடை அடிக்கிறது என்று விமர்சகர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். கதையைக் கேட்டு வளர்ந்ததால் கயோவா என்றால் ஒப்புக்கொள்வேன், ரத்தத்தால் என்றால் மாட்டேன்.

ஏடுதேடி:
நாணற்காடு, சிப்பாய்கள் வந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன் போல. கறார் சொல்வதும் யோசிக்க வைக்கிறது. அடுத்து மாமடேயின் 'ஹவுஸ் மேட் ஆஃப் டான்' எடுக்கலாமா?

நாணற்காடு:
தாராளமாக. 1969இல் புலிட்சர் விருது வாங்கிய நாவல். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் ஏபெல் தன் சொந்த மண்ணிலேயே ஒட்ட முடியாமல் திணறுகிற கதை. காலம் முன்னும் பின்னும் தாவும், நடுவில் வரும் பாதிரியாரின் பழைய நாட்குறிப்பு கொஞ்சம் இழுக்கும். அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.