தங்கச்சி ஆதார் கேரளாவில, ரேஷன் கார்டு தமிழ்நாட்டில: கல்விக் கடனுக்கு எந்த பேங்குல கேக்கணும்?

எல்லைக்காரன், களியக்காவிளை:

விஷயம் தெரிஞ்ச அண்ணன்மாரு, அக்காமாரு யாராவது சொல்லுங்க. எனக்க தங்கச்சிக்கு பி.எஸ்சி. நர்சிங் கவுன்சிலிங்ல கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல் சேத்து நாலு வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகும். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. கேரளாவுல பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல வெட்டுறதால ஆறு வருஷமா அங்கதான் வாடகை வீடு. ஆனா பாட்டி வீடு, ரேஷன் கார்டு, ஓட்டு, அப்பாவுக்க பேங்க் கணக்கு எல்லாம் இங்க களியக்காவிளையிலதான். தங்கச்சி பிளஸ் ஒண்ணு அங்க சேரும்போது அவளுக்க ஆதாரை மட்டும் வாடகை வீட்டு அட்ரஸுக்கு மாத்தினோம். அதுதான் இப்போ வினையா வந்து நிக்கு.

இங்க உள்ள ஒரு பிராஞ்சுக்குப் போனோம். மேனேஜர் ஆதாரைப் பாத்தாரு, அப்ளிகேஷன் மூலையில பென்சில்ல "எங்க ஏரியா இல்ல"ன்னு எழுதி கையில திருப்பித் தந்துட்டாரு. பாறசாலையில வேற பேங்குக்குப் போனா, ரேஷன் கார்டு தமிழ்நாடுன்னு பாத்ததும் "அவிடெ போயி சோதிக்கு" (அங்க போயி கேளு)ன்னு சொல்லிட்டாங்க. அப்பா அன்னைக்கு வெட்டு முடிஞ்சு, பால் எடுத்து ஒறை ஊத்தி வச்சுட்டு அப்படியே வந்தவரு. வெரல்ல ஒட்டிக் காஞ்ச பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கிட்டு பெஞ்சுல இருந்தாரு, ஒரு வார்த்தை பேசல. எனக்குத்தான் தாங்கல.

கவுன்சிலிங்குக்கு குழித்துறை தாலுகா ஆபீஸ்ல நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்கித்தான் போனோம். சீட்டுக்கு ஒத்துக்கிட்ட ஊரு லோனுக்கு மட்டும் ஆகாதா?

பழைய பேங்க்காரன், மார்த்தாண்டம்:

தம்பி, நான் 29 வருஷம் பேங்குல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். நீங்க ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கிறீங்க, அந்த மேனேஜரும் குழப்பியிருக்கார். நேட்டிவிட்டி சீட்டுக்கு வேணும். கல்விக் கடனுக்கு அது தேவையே இல்ல. பேங்குகள் பின்பற்றுற மாதிரித் திட்டம் இந்தியன் பேங்க்ஸ் அசோசியேஷன் போட்டது. அதுல பிள்ளை இந்தியக் குடிமகளா, மார்க் அல்லது நுழைவுத் தேர்வு வழியா அட்மிஷன் கிடைச்சதா, இதைத்தான் பாக்கணும்.

"ஏரியா இல்ல"ங்கிற பேச்சுக்கு ரிசர்வ் வங்கி 2012 நவம்பர்லயே முற்றுப்புள்ளி வச்சாச்சு. கடன் கேக்குறவங்க வீடு பிராஞ்சோட சர்வீஸ் ஏரியாவுல (அந்த பிராஞ்சுக்குன்னு ஒதுக்கின ஊர்கள்ல) இல்லங்கிற காரணத்துக்காக கல்விக் கடன் மனுவைத் தள்ளக் கூடாதுன்னு எல்லா பேங்குக்கும் எழுதியிருக்கு. அந்த ஏரியாக் கணக்கு அரசு உதவித் திட்டக் கடன்களுக்கு மட்டும்தான். சொந்த ஊருக்குப் பக்கத்து பிராஞ்ச் கொடுத்தா நல்லதுன்னு மாதிரித் திட்டம் சொல்லுது, உண்மைதான். ஆனா அது கட்டாயம் இல்ல. அப்படிப் பாத்தாலும் உங்களுக்குக் களியக்காவிளைதானே சொந்த ஊர்? கடன்ல கூடக் கையெழுத்துப் போடப் போறது அப்பா. அவர் கணக்கும் கார்டும் அங்கேயே இருக்கு. பாறசாலைக்கு இனி அலையாதீங்க.

ஆதார் அட்ரஸ் பாக்குறது ஆளை அடையாளம் தெரிஞ்சுக்க. தகுதியை முடிவு பண்ண இல்ல. அதையும் சரிபண்ணணும்னா, குடும்பத் தலைவர் சம்மதத்தோட அட்ரஸ் மாத்துற வசதி 2023லேர்ந்து ஆன்லைன்ல இருக்கு. ரேஷன் கார்டுல அப்பா பேரும் பொண்ணு பேரும் சேந்து இருந்தா போதும்.

இன்னொண்ணு, பென்சில் எழுத்தை வாங்கிட்டு வந்திருக்கக் கூடாது. கல்விக் கடனை மறுக்கணும்னா மேலதிகாரி ஒப்புதல் வேணும், காரணத்தைப் பிள்ளைக்குத் தெரிவிக்கணும். கல்விக் கடனுக்குன்னு ஆன்லைன்ல உள்ள வித்யாலட்சுமி போர்ட்டல்ல அதே பிராஞ்சைப் போட்டு அப்ளை பண்ணுங்க, பதிவு நிக்கும். நேர்லயும் கொடுத்து, தேதியோட ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. 4 லட்சத்துக்குள்ளங்கிறதால அடமானமும் கிடையாது, கைப்பணம் போடவும் வேண்டாம். அப்பவும் மறுத்தா நாகர்கோவில்ல மாவட்ட லீட் பேங்க் மேனேஜரைப் பாருங்க, மாவட்டத்து பேங்குகளை ஒருங்கிணைக்கிறவர் அவர்தான். பேங்குக்கு எழுத்துல புகார் கொடுத்து 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம்.

கடலோரத்து அம்மா, கொல்லங்கோடு:

மக்களே, நாங்க மூத்தவனுக்கு டாம்கோவுல கேட்டோம். அதுக்கு தமிழ்நாட்டுக்காரங்களான்னு கண்டிப்பா பாப்பாங்க, அது சிறுபான்மையினருக்கு மாநில அரசுக் கழகம் குடுக்குற கடனாக்கும். கூட்டுறவு பேங்க் வழியா வரும். பேங்க்காரரு சொன்னது வேற கடன், ரெண்டையும் ஒண்ணா நினைச்சிராதீங்க. அப்புறம் வருமானச் சான்று இப்பவே எழுதிப் போடுங்க. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு போயி வர நாளாவும்.

நர்ஸ் தம்பி, தக்கலை:

அம்மா சொன்ன அந்த வருமானச் சான்று வட்டிக்கும் வேணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ளன்னா, படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் சேத்து வட்டியை மத்திய அரசு கட்டும். காலேஜுக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாத்துக்கோங்க. இது தானா வராது, பேங்குல கேட்டு வருஷா வருஷம் பேரு போயிருக்கான்னு விசாரிக்கணும். நான் முத வருஷம் கேக்காம விட்டுட்டேன். அந்த வட்டி முழுசும் எனக்க தலையில ஏறிச்சு.

எல்லைக்காரன், களியக்காவிளை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய பேங்க்காரர் சொன்னபடி போர்ட்டல்ல போட்டுட்டு, அதே பிராஞ்சுக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். 2012 சுற்றறிக்கைன்னு சொன்னதும் மேனேஜர் உள்ள போயி யாருக்கோ போன் பண்ணிட்டு வந்தாரு. பழைய அப்ளிகேஷன்ல இருந்த பென்சில் எழுத்தை அவரே ரப்பர் வச்சு அழிச்சாரு. ஒப்புகைச் சீட்டு தந்துட்டாங்க, சீல் போட்டு. லோன் இன்னும் சாங்ஷன் ஆகல. செவ்வாய்க்கிழமை வீடு பாக்க வர்றாங்களாம். பாட்டி வீட்டுக்குத்தான் வரச் சொல்லியிருக்கோம்.