மறு: ஸ்டெயின் செட்டிங் – கறை அமைதலா, ஊன்றலா, ஏறுதலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ஸ்டெயின் செட்டிங் – கறை அமைதல், கறையூன்றல்
> பிளாட் – துடை

நம் குழுமம் தொகுக்கும் ஆங்கில–தமிழ்ச் சலவைச் சொற்பட்டியலுக்கு முன்மொழிந்த இந்த இரண்டு வரிகளை மட்டும் அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. கறை போகாதபடி துணியில் பிடித்துக்கொள்வது ‘ஸ்டெயின் செட்டிங்’, ஈரக் கறையைத் தேய்க்காமல் அழுத்தி உறிஞ்சி எடுப்பது ‘பிளாட்’. கறைநீக்கி, நொதி (என்சைம்), வெளுப்பான் (ப்ளீச்) எல்லாம் ஏற்கெனவே புழங்குபவை, அவற்றில் சண்டை வேண்டாம். ஆனால் முட்டை சிந்திய சட்டையை வெந்நீரில் போடுவதா பச்சைத் தண்ணீரில் போடுவதா என்று ஒருவர் இந்த இரண்டு சொல்லைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்.

‘கறை அமைதல்’ நிச்சயமாக வேண்டாம். வரன் அமையும், வீடு அமையும், கறை எங்கே அமைகிறது? ‘கறையூன்றல்’ அதைவிட எவ்வளவோ மேல். சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் ‘நிறமூன்றி’ (மார்டன்ட்) என்ற சொல்லை ஒட்டி வந்தது என்று முன்மொழிந்தவர் சொன்ன காரணமும் நல்ல காரணம்தான். ஆனால் நிறமூன்றி என்பது படிகாரம் போல நாம் தனியாகச் சேர்க்கிற ஒரு பொருள். முட்டைக் கறை வெந்நீரில் கெட்டிப்படும்போது அப்படி எந்தப் பொருளும் உள்ளே வருவதில்லை, சூடு மட்டும்தான் வருகிறது.

என் வாக்கு ‘கறையேறல்’ என்பதற்கு. துரு ஏறிவிட்டது, வேட்டியில் பழுப்பு ஏறிவிட்டது, இந்த நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று தினமும் பேசுகிறோம். சாயப்பட்டறையில் தொட்டியைச் சூடாக்குவதும் உப்புப் போடுவதும் சாயம் ஏறத்தான். அதே வேலை நாம் வேண்டாத இடத்தில் நடந்தால் கறையேறல், அவ்வளவுதான். கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, அதன் மேல் இரும்பு ஊறிய கரைசலால் வரைந்தால் கோடு கறுப்பாக விழுகிறது, கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்ததால் வந்த கறுப்பு அது. தேநீரிலும் மாதுளைத் தோலிலும் இருப்பதும் துவர்ப்புப் பொருள்கள்தான். அதனால்தான் தேநீர் கொட்டிய துணியைத் துருப்பிடித்த வாளியில் ஊறப்போடக் கூடாது, போட்டால் பழுப்பாக இருந்த கறை கறுத்து ஏறிவிடும்.

இன்னொரு வசதி, இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் முன்னும் பின்னும் உள்ள நிலைகளுக்கும் சொல் தேட வேண்டியதில்லை. சிந்தியதும் மேலே இருப்பது படிதல், இழைக்குள் இறங்குவது ஊறுதல், இழையோடு ஒட்டிவிடுவது ஏறுதல். படிந்ததைக் கரண்டியால் வழித்து எடுக்கலாம், ஊறியதைத் தண்ணீரும் சோப்பும் வெளியே கொண்டுவரும், ஏறியதற்கு நொதியோ வெளுப்பானோ வேண்டும். ‘செட்-இன் ஸ்டெயின்’ என்பது ஏறிய கறை, ‘ஸ்டெயின் ரெசிஸ்டன்ட்’ துணி கறையேறாத் துணி. ஒரு வேர்ச்சொல்லில் இத்தனையும் கிளைக்கிறபோது ஏன் விட வேண்டும்?

எதில் எப்படி ஏறுகிறது என்பதையும் பட்டியலின் விளக்கக் குறிப்பில் சேர்க்கச் சொல்வேன். முட்டை, பால், இறைச்சிச் சாறு எல்லாம் புரதம். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே இறுகத் தொடங்கிவிடும், அடுப்பில் நடப்பதுதான் துணியிலும் நடக்கும். ஆகவே முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் நொதி கலந்த சலவைத்தூள். எண்ணெய்க் கறை நேர்மாறு, துணி தாங்குமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர்தான் நல்லது. ‘கறை’ என்று பொதுவாகப் போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வழி சொல்லும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நம் சமையலறைக்கு மிகவும் வேண்டியது மஞ்சள். குழம்பு சிந்திய இடத்தில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, பலர் பயந்துபோய்ப் பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது கறையேறல் இல்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிற அதே மாற்றம்தான். சோப்பின் காரம் போகும்வரை அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள நிறப்பொருளான குர்க்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும், அதனால் குழம்பு எண்ணெயோடு சேர்ந்து இழைக்குள் போய்விடுகிறது. ஆனால் வெயிலைத் தாங்காது. தீபாவளிப் புதுத்துணியின் ஓரத்தில் வைக்கிற மஞ்சள் நாளாக ஆக வெளிறிப்போவதற்குத் துவைப்பதைப் போலவே கொடியில் அடிக்கிற வெயிலும் காரணம். சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு ஈரத்தோடு வெயிலில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாயத்துணி என்றால் அதன் நிறமும் வெளுக்கும், பார்த்துச் செய்ய வேண்டும்.

இனி ‘பிளாட்’. இதற்குத் ‘துடை’ என்று போட்டால் தரைவிரிப்பு கெட்டுவிடும். துடைக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் துணியை இப்படியும் அப்படியும் இழுப்பார்கள், திரவம் பரவும், குஞ்சம் போல நிற்கும் இழைகளின் அடிவரை போகும். நமக்கு வேண்டிய சொல் ‘ஒற்றியெடு’. ஒற்றுத்தாள் என்று பழைய சொல்லே இருக்கிறது, பேச்சில் ‘ஒத்தி எடு’ என்கிறோம், ஒத்தடமும் அதே வேர்தான். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதினால் போதும்.

தரைவிரிப்புக்காக ஒரு புதுச்சொல்லும் தருகிறேன்: ‘மீள்கறை’. மேலே சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம், காய்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடி தெரியும். அடியில் தங்கிய திரவம் இழை வழியாக மேலே வந்து, தண்ணீர் மட்டும் ஆவியாகி, கறை நுனியில் நின்றுவிடுகிறது. ஒற்றியெடுத்த பிறகு உலர்ந்த வெள்ளைத் துண்டை நாலாக மடித்து வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி இரவு முழுக்க விட்டால் வருவது துண்டுக்கு வந்துவிடும்.

‘அப்ஹோல்ஸ்டரி’க்குச் சோபாத்துணி என்பதே எனக்குப் போதும். அதில் தைத்திருக்கும் பராமரிப்புக் குறிப்புச் சீட்டில் ‘எஸ்’ எழுத்து மட்டும் இருந்தால் தண்ணீர் படக்கூடாது, ‘டபிள்யூ’ என்றால் படலாம். இந்த எழுத்துகளை மொழிபெயர்க்காமல் விட்டு, பொருளைப் பக்கத்தில் எழுதுவோம்.

‘ப்ளீச்’ பற்றி ஒன்று. குளோரின் வெளுப்பான், ஆக்சிஜன் வெளுப்பான் என்று பிரித்தே எழுத வேண்டும். முதலாவது பட்டுத்துணியையும் கம்பளியையும் அரித்துவிடும், வினிகரோடு கலந்தால் நச்சு வாயு வரும். இரண்டையும் வெறும் ‘வெளுப்பான்’ என்று எழுதுவது ஆபத்து.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. அழுக்குக்கு ஊத்தை என்பீர்கள், அது போகாமல் துணியோடு நின்றுவிட்டால் ‘ஏறிப்போச்சு’ என்பது உங்கள் பேச்சில் உண்டா, வேறு சொல்லா? மலேசிய, சிங்கப்பூர் நண்பர்களும் சொன்னால் நல்லது. எல்லோருக்கும் பொருந்தினால் ‘கறையேறல்’, ‘ஒற்றியெடு’, ‘மீள்கறை’ மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.