மூளையில் நோய் என்றால் வயிற்றை ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: காசிமேட்டு அண்ணன்

என் தங்கைக்கு 19 வயது. ஆறு வாரங்களுக்கு முன் தலைவலியும் இலேசான காய்ச்சலும் வந்தன. அவை அடங்கியதும் உறக்கம் போய்விட்டது. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகளின் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்வதாகக் கூறி, சன்னல் இடுக்குகளில் எல்லாம் பழைய துணியைத் திணித்து அடைத்தாள். பக்கத்து வீட்டார் காற்றுக் கருப்பு என்றார்கள். அம்மா மந்திரிக்க அழைத்துச் சென்றார். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் மனநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் உடம்பு விறைத்தது, எதையோ மெல்லுவதுபோல் வாய் ஓயாமல் அசைந்தது, வலிப்பும் வந்தது.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றவர்கள், முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரைச் சோதித்துவிட்டு, என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான மூளையழற்சி என்கிறார்கள். அடுத்து அடிவயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். மூளைக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு? அவள் பழையபடி ஆவாளா?

பதில் 1: நரம்பியல் பிரிவுச் செவிலியர், பெரம்பூர்

கிருமியை அழிக்க நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள், ஆள் மாறி நம் உறுப்பையே தாக்குவதைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். உங்கள் தங்கைக்கு அவை மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளில், அதாவது பிற நரம்பணுக்கள் அனுப்பும் செய்தியை வாங்கும் புரதங்களில், போய் ஒட்டிக்கொள்கின்றன. நினைவுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாத இந்த ஏற்பிகள், ஆன்டிபாடி ஒட்டியதும் நரம்பணுவுக்குள் இழுக்கப்பட்டு, மேற்பரப்பில் எண்ணிக்கை குறைந்துவிடுகின்றன. கெட்டமின் என்ற மயக்க மருந்து தடுப்பதும் இதே ஏற்பியைத்தான். அது கூடுதலாகப் போனால் மனிதர் இல்லாததைக் காண்பதை நினைத்துக்கொண்டால், உங்கள் தங்கைக்குக் குரல்கள் கேட்டதன் காரணம் விளங்கும். இதில் நம்பிக்கை தரும் செய்தி, நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை என்பது. ஆன்டிபாடி குறையக் குறைய ஏற்பிகள் மேலே திரும்பி வருகின்றன.

வயிற்று ஸ்கேனுக்கு வருகிறேன். ஜோசப் தல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007இல் இந்த நோயை அடையாளம் கண்டபோது, பெரும்பாலான நோயாளிகள் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி உள்ள இளம்பெண்களாக இருந்தார்கள். முடி, பல் ஆகியவைகூட முளைக்கக்கூடிய விசித்திரமான கட்டி அது. அதற்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அந்தத் திசுவை அந்நியன் என்று எண்ணி உடல் தயாரிக்கும் ஆயுதம், அதே முத்திரை உள்ள மூளையையும் தாக்குகிறது. கட்டி எல்லோருக்கும் இருக்காது. இருந்தால், அதை எடுக்காமல் மருந்து மட்டும் கொடுப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

முதலில் தாக்குதலை அடக்கும் ஸ்டீராய்டும், அத்துடன் இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடிகள்) அல்லது பிளாஸ்மா மாற்றமும் (ஆன்டிபாடி உள்ள இரத்த நீரை எடுத்துவிட்டு மாற்று நீர் ஏற்றுவது) தருவார்கள். இம்யூனோகுளோபுலின் வழக்கமாக உடல் எடைக்கேற்ப ஐந்து நாள் ஏற்றப்படும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம். விலை அதிகமான மருந்து என்பதால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றே வார்டில் காட்டி விசாரியுங்கள். இவற்றுக்கு அசையாவிட்டால் ரிட்டுக்சிமாப் போன்ற அடுத்த கட்ட மருந்துகள் உண்டு. மனநோய் மாத்திரையால் உடம்பு விறைத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோயாளிகள் சிலருக்கு அந்த மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை.

பதில் 2: வியாசர்பாடி அப்பா

தம்பி, என் மகளுக்கும் இதே நோய் வந்தது. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனால் மருந்து ஏற்றிய மறுநாளே எழுந்து உட்காருவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் அப்படி எதிர்பார்த்துத்தான் உடைந்து போனேன். எங்களுக்கு முதலில் வாய் அசைவு நின்றது, பிறகு பேச்சு வந்தது, குணம் கடைசியில்தான் திரும்பியது. மார்கழியில் படுத்தவள் மாசியில் வீட்டுக்கு வந்து, பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். மருத்துவமனையில் கழிந்த நாட்கள் அவள் நினைவில் இன்றுவரை இல்லை. தேறும் காலத்தில் பசி வேறு கட்டுக்கடங்காது. ஒரே மாலையில் மூன்று தட்டு அத்தோ சாப்பிட்டுவிட்டு நான்காவது கேட்டிருக்கிறாள்.

வாசலில் கோலம் போட உட்கார்ந்தால் புள்ளிகளைச் சரியாக வைத்துவிடுவாள், ஆனால் கம்பியை எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புவது என்று தெரியாமல் மாவும் கையுமாக நிற்பாள். அது சரியாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு உறக்கம், வலிப்பு, பேச்சு மூன்றையும் நாள்தோறும் குறித்து வையுங்கள். மருத்துவர் இரண்டு நிமிடம்தான் நிற்பார். அப்போது நாம் சொல்வதைவிட அந்த நோட்டு தெளிவாகச் சொல்லும்.

பதில் 3: மனநல மருத்துவ மாணவர், ராயபுரம்

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குரல் கேட்கிறது என்று வரும் எல்லோருக்கும் இந்த நோய் இருக்காது. மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது மனநோய்தான், அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் காய்ச்சல், தலைவலிக்குப் பின் சில வாரங்களுக்குள் நடத்தை மாறி, அத்துடன் வலிப்போ, வாய், கை கால் தானாக அசைவதோ, பேச்சுக் குறைவதோ சேர்ந்தால், முதுகுத்தண்டு நீரைச் சோதிக்காமல் விடக் கூடாது. இரத்தத்தில் ஆன்டிபாடி தென்படாமல் அந்த நீரில் மட்டும் தென்படுவதும் உண்டு. எம்ஆர்ஐ பலருக்கு இயல்பாகவே இருக்கும்.

ஆவாளா என்ற கேள்விக்கு: 577 நோயாளிகளைக் கொண்ட, 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகள் வரை கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஏறத்தாழ 12 பேருக்கு அதற்குள் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆகையால் தேறிய பிறகும் மறுபரிசோதனைக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

காசிமேட்டு அண்ணன்

மூவருக்கும் நன்றி. இன்று ஸ்கேன் முடிந்தது. இடப்பக்கச் சினைப்பையில் சிறிய கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். அம்மா உடனே கேட்டது, நாளை இவளுக்குக் குழந்தை பிறக்குமா என்பதைத்தான். மறுபக்கச் சினைப்பை நன்றாக இருக்கிறது, அது போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகே அம்மா காலையில் வாங்கி வந்த தேநீரைக் குடித்தார். அது ஆறிப் போயிருந்தது. நோட்டு வாங்கிவிட்டேன் ஐயா. முதல் வரி: இரவு 11 முதல் 2.40 வரை உறங்கினாள்.